வம்சம் தெரிகிறது, மூட்டு தெரிவதில்லை

புதுதில்லி: தலைநகரில் சில ஆண்டுகளாக நாய்களைப் பற்றி நடந்துவரும் விவாதம் அனைத்தும் அவற்றின் பல்லைப் பற்றியது. தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும், 11 நாள்களில் அது திருத்தப்பட்டதும் தொலைக்காட்சிகளையும் குடியிருப்போர் சங்கங்களையும் இரண்டாகப் பிரித்தன. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் மாதத்தில், மூர்க்கமானவை என்று 23 இனங்களைப் பட்டியலிட்டு அவற்றின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்குமாறு மாநிலங்களுக்கு மத்திய கால்நடைப் பராமரிப்புத் துறை சுற்றறிக்கை அனுப்பியது. தொடர்புடையவர்களிடம் கருத்துக் கேட்கவில்லை என்று கூறி கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது.

நாயின் இடுப்பைப் பற்றி தில்லியில் யாரும் பேசுவதில்லை. பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. நாட்டில் வீடுகளிலும் காவல் பணியிலும் மிகுதியாக விரும்பப்படும் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகிய இரு இனங்களையும் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஒரு மரபுக் குறை அங்குதான் இருக்கிறது. ஆங்கில மருத்துவத்தில் 'ஹிப் டிஸ்பிளேசியா' என்று அதற்குப் பெயர். இடுப்பு மூட்டு சரியாக உருவாகாமல் போவது என்று தமிழில் சொல்லலாம்.

தொடை எலும்பின் தலை ஒரு பந்தைப் போன்றது. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணத்தைப் போன்றது. பள்ளிப் பாடத்தில் பந்துக்கிண்ண மூட்டு என்று படித்ததுதான். இந்த நோய் வரவிருக்கும் குட்டியும் பிறக்கும்போது பெரும்பாலும் இயல்பான மூட்டோடுதான் பிறக்கிறது. வளரத் தொடங்கிய சில வாரங்களில் மூட்டைப் பிணைக்கும் தசைநார்கள் தளர்கின்றன. பந்து கிண்ணத்துக்குள் இறுக அமராமல் ஒவ்வோர் அடிக்கும் சற்றே வெளியே நழுவுகிறது. மென்மையான எலும்பு அந்த இழுபறிக்கேற்ப வளைந்துகொடுப்பதால் கிண்ணம் ஆழமற்றதாகவும், பந்து தட்டையாகவும் மாறுகின்றன. பிறகு குருத்தெலும்பு தேய்கிறது. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் மூட்டுத் தேய்மான வலி.

வளர்ப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது வேறு. ஆறேழு மாதக் குட்டி ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயலைப்போலத் துள்ளும். படுத்த இடத்திலிருந்து எழத் தயங்கும். பளபளப்பான சலவைக்கல் தரையில் பின்பக்கம் வழுக்கும். சோம்பேறி நாய் என்று வீட்டார் நினைத்துக்கொள்வதும் உண்டு. சில நாய்களோ எக்ஸ்ரேயில் மோசமான மூட்டைக் காட்டினாலும் பல ஆண்டுகள் ஓடியாடித் திரியும். இந்தக் குழப்பம்தான் நோய் பரவுவதற்கு வழி. கண்ணுக்கு நலமாகத் தெரியும் ஆண் நாய் இணை சேர்க்கப்படுகிறது, அதன் குட்டிகள் விற்கப்படுகின்றன, அவற்றுள் எத்தனை நொண்டின என்ற செய்தி விற்றவரிடம் திரும்பி வருவதே இல்லை.

சோதனைக் குழாய் தரும் நம்பிக்கை

இப்போது ஒரு புதிய சொல் சந்தையில் புழங்குகிறது: 'டிஎன்ஏ டெஸ்ட்'. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் நாயின் மரபணுக்களைப் படித்துச் சொல்லும் நிறுவனங்கள் வெளிநாடுகளில் பெருகிவிட்டன. 'மரபணுச் சோதனை செய்யப்பட்ட பெற்றோர்' என்ற விளம்பரத்தைப் பார்க்கும் வாங்குபவர், இடுப்பு நோய் உள்பட அனைத்தும் சோதிக்கப்பட்டுவிட்டதாக எண்ணிக்கொள்வது இயல்பு. அந்த எண்ணம் தவறு. ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

டாஷா என்ற பாக்ஸர் இனப் பெண் நாயின் முழு மரபணுத் தொகுதி 2005 டிசம்பரில் வெளியிடப்பட்டது. அதற்குப் பின்னர் நாய்களின் மரபு நோய்களுக்கான காரணங்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. கடுமையாக ஓடியபின் லாப்ரடார் நாய்கள் திடீரெனக் கால் துவண்டு விழும் நோய்க்கு ஒரே ஒரு மரபணுவில் உள்ள பிழையே காரணம் என்று 2008-இல் கண்டறியப்பட்டது. முதுமையில் ஜெர்மன் ஷெப்பர்டின் பின்னங்கால்களைச் செயலிழக்கச் செய்யும் தண்டுவடச் சிதைவு நோயோடு தொடர்புடைய மரபணு 2009-இல் தெரியவந்தது. இத்தகைய நோய்களுக்கு மரபணுச் சோதனை மிகச் சிறந்த கருவி. பிழையான பிரதி தாயிடம் ஒன்று, தந்தையிடம் ஒன்று இருக்கிறதா என்று பார்த்து, இருவரையும் இணை சேர்க்காமல் விட்டால் நோயுள்ள குட்டி பிறக்காது. ஒரே தலைமுறையில் பலன் தெரியும்.

இடுப்பு நோய் அப்படிப்பட்டதன்று. நாயின் 39 ஜோடி குரோமோசோம்களில் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் எண்ணற்ற மரபணுக்கள், ஒவ்வொன்றும் சிறிதளவு, இதில் பங்கு வகிக்கின்றன. மனிதரின் உயரத்தைத் தீர்மானிக்க ஒரே ஒரு மரபணு இல்லாததைப்போலத்தான் இதுவும். தவிரவும், மரபு மட்டுமே இதற்குப் பொறுப்பில்லை. நாய்களுக்கிடையே மூட்டின் தரத்தில் காணப்படும் வேறுபாட்டில் மரபின் பங்கு இனத்துக்கும் அளவிடும் முறைக்கும் ஏற்ப ஏறத்தாழ 20 முதல் 60 விழுக்காடு வரை என்று பல நாட்டு ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன. மீதம் சோறும் தரையும் வளர்ப்பும்.

லாப்ரடார் நாய்களில் 7 மரபணுக் குறிகளை மட்டும் பார்த்து இடுப்பு நோயை முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று ஒரு சோதனை ஐரோப்பாவில் சில ஆண்டுகளுக்கு முன்னர் காப்புரிமையுடன் விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியில் ஆய்வாளர்கள் வேறு நாய்களைக் கொண்டு அதைத் தனியே சரிபார்த்து, 2017-இல் முடிவை வெளியிட்டனர். அந்நாட்டு லாப்ரடார்களிடம் நம்பத்தக்க பயன் எதையும் அச்சோதனை தரவில்லை. பல மரபணு நோயைச் சில குறிகளுக்குள் அடக்க முயன்றதன் விளைவு இது. நம் ஊர்ச் சந்தையில் இத்தகைய சான்றிதழ்கள் தலைகாட்டும்போது நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

உணவின் பங்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை உடன்பிறப்பு ஜோடிகளாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்த உணவில் 25 விழுக்காட்டைக் குறைத்து மற்றதற்குக் கொடுத்து, வாழ்நாள் முழுவதும் கவனித்தனர். இரண்டு வயதில் நிறையத் தின்ற 24 நாய்களில் 16 இடுப்பு நோயுடன் இருந்தன. குறைவாகத் தின்றவற்றில் 7 மட்டுமே. பின்னவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், முன்னவற்றுக்கு 11.2 ஆண்டுகள். நார்வேயில் நடந்த மற்றோர் ஆய்வில், மூன்று மாதம் நிரம்பும் முன் தினமும் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு நோய் வாய்ப்பு கூடியும், மென்மையான மண்ணில் கட்டவிழ்த்து ஓடவிடப்பட்டவற்றுக்குக் குறைந்தும் காணப்பட்டது. கொழுகொழுவென்ற லாப்ரடார் குட்டியை நலமானது என்று கொண்டாடும் நம் வழக்கத்தை நினைத்தால் சற்று வருத்தமாகவே இருக்கிறது.

பதிவேடு செய்த வேலை

மரபணுச் சோதனை இல்லாத காலத்திலேயே இந்நோயைக் குறைத்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. அவர்கள் கையில் இருந்தவை எக்ஸ்ரே இயந்திரமும் ஒரு பதிவேடும்.

நோயை 1935-இல் முதன்முதலில் விவரித்தவர் கெர்ரி ஷ்னெல் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர். இனப்பெருக்கத்தின் வழியே அதைக் கட்டுப்படுத்த முன்வந்த முதல் நாடுகளுள் ஒன்று ஸ்வீடன். காரணம் ராணுவம். சொல்லெஃப்தியோ நகரில் ராணுவத்துக்காக ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வளர்த்த பண்ணையில், பயிற்சி முடித்த நாய்கள் இடுப்பு நோயால் பணிக்கு உதவாமல் போயின. 1950-களின் இறுதியிலிருந்து அந்நாட்டில் எக்ஸ்ரே எடுக்கும் பழக்கம் பரவியது. பல ஆண்டுகள் நோய் விகிதம் பெரிதாக இறங்கவில்லை. எக்ஸ்ரே எடுப்பதும், எடுத்ததைப் பொருட்படுத்தாமல் இணை சேர்ப்பதும் ஒருசேர நடந்தன. பெற்றோர் இருவரின் இடுப்பு நிலையும் தெரிந்தால் மட்டுமே குட்டிகளைப் பதிவு செய்வோம் என்று 1984-இல் விதி வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. முடிவுகள் எல்லோர் பார்வைக்கும் திறந்துவைக்கப்பட்டன.

அமெரிக்காவில் நடந்தது வேறு கதை. துப்பாக்கித் தோட்டாத் தொழிலில் பெரும் செல்வரான ஜான் ஓலின், தம் லாப்ரடார் நாய்கள் இந்நோயால் முடங்கியதைக் கண்டு 1966-இல் எலும்பு நோய்களுக்கான ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். எக்ஸ்ரே படத்தை மூன்று கதிரியக்க மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து, மிகச் சிறந்தது முதல் மிக மோசம் வரை ஏழு படிகளில் ஒன்றை வழங்குவர். 24 மாதம் நிரம்பினால்தான் இறுதிச் சான்று. அதன் புள்ளிவிவரப்படி ஜெர்மன் ஷெப்பர்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கும், லாப்ரடாரில் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேலும் இந்நோய். ஆனால் படம் பார்த்த மாத்திரத்தில் மோசம் என்று தெரிந்தால் பலர் அதை அனுப்புவதே இல்லை. மோசமான முடிவை வெளியிட உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். உண்மை விகிதம் இதைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

இவ்விரு நாடுகளையும் விஞ்சிய சான்று, பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை வளர்க்கும் 'சீயிங் ஐ' என்ற நியூஜெர்சி தொண்டு நிறுவனத்திலிருந்து வந்தது. தன் பண்ணையில் பிறந்த நாய்கள் அனைத்துக்கும் அது எக்ஸ்ரே எடுத்தது. நல்லது, கெட்டது என எதையும் விடாமல் பதிந்தது. அடுத்த தலைமுறைக்கான பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த நாயின் படத்தை மட்டும் பார்க்காமல், அதன் உடன்பிறப்புகள், பெற்றோர், குட்டிகள் எல்லாவற்றின் படங்களையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு மதிப்பு வழங்கியது. ஐந்து தலைமுறைகள் நிறைவதற்குள் ஜெர்மன் ஷெப்பர்டில் 55 விழுக்காடாக இருந்த நோய் 24 ஆகவும், லாப்ரடாரில் 30 விழுக்காடாக இருந்தது 10 ஆகவும் குறைந்தன. 1997-இல் வெளியான இக்கணக்கு கால்நடை மரபியலில் இன்றும் எடுத்தாளப்படுகிறது.

உறவினரின் படம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு நாயின் எக்ஸ்ரே காட்டுவது மரபும் வளர்ப்பும் கலந்த விளைவு. அளவோடு உண்டு வளர்ந்ததால் நல்ல மூட்டோடு காணப்படும் நாய், கெட்ட மரபணுக்களை உள்ளே வைத்திருக்கலாம். அதன் ஐந்து உடன்பிறப்புகளில் நான்கு நொண்டுகின்றன என்றால் அந்தப் படத்தை நம்பக் கூடாது. மாறாக, நடுத்தரப் படம் உள்ள நாயின் உடன்பிறப்புகள் அனைத்தும் நலமாக இருந்தால் அது மேலானது. கிராமத்தில் பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணை மட்டுமா பார்க்கிறார்கள்? பங்காளி வீடு வரை விசாரிப்பார்கள். அந்த விசாரணையைக் கணிதமாக்கியதற்குப் பெயர் இனவிருத்தி மதிப்பீடு. பிரிட்டனில் ஓர் இடுப்புக்கு 53 வீதம் இரண்டுக்கும் 106 புள்ளிகள் என்ற முறை பல்லாண்டுகளாக உண்டு. புள்ளி குறையக் குறைய மூட்டு நன்று. அந்தக் குவியலைக் கொண்டு அந்நாட்டு கென்னல் கிளப் 2014-இல் லாப்ரடார் உள்ளிட்ட இனங்களுக்கு இம்மதிப்பீட்டை இணையத்தில் எவரும் காணும்படி வெளியிட்டது.

மரபணுச் சோதனை உண்மையாகப் பயன்படப்போகும் இடம் இதுதான். பல்லாயிரம் மரபணுக் குறிகளை ஒரே சிப்பில் படித்து, அவற்றை ஏற்கெனவே உள்ள எக்ஸ்ரே பதிவேட்டோடு பொருத்தினால், எட்டு வாரக் குட்டியிடமே அதன் மரபு நிலையை ஓரளவு மதிப்பிட முடியும். எடின்பரோவின் ராஸ்லின் ஆய்வு நிறுவனம் (டாலி என்ற ஆட்டைப் படியெடுத்த அதே இடம்) ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டன் லாப்ரடார்களில் இதை ஆராய்ந்தது. சிப்பு சொல்வதைப் புரிந்துகொள்ள எக்ஸ்ரே பதிவேடு வேண்டும். பதிவேடு இல்லாத நாட்டில் சிப்பால் பயனில்லை.

இந்தியாவில் என்ன இருக்கிறது?

சட்டம் இருக்கிறது. பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த விதிகளை மத்திய அரசு 2017 மே மாதம் அறிவித்தது. நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்போர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் நிரம்பாத நாயை இணை சேர்க்கக் கூடாது. ஒரு பெண் நாய் வாழ்நாளில் ஐந்து முறைக்கு மேல் ஈனக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நாய்களுக்கு மைக்ரோசிப் பொருத்த வேண்டும். இணை சேர்க்குமுன் நாய் நலமாக இருப்பதாகக் கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும்.

கடைசி விதியில்தான் ஓட்டை. கண்ணால் பார்த்தும், இதயத்துடிப்பைக் கேட்டும், தொட்டுப் பார்த்தும் தரப்படும் நலச் சான்று இடுப்பு நோயைப் பிடிக்காது. மயக்க மருந்து கொடுத்து, நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்களை நேராக நீட்டிப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தால்தான் மூட்டின் உண்மை நிலை தெரியும். இளம் நாயானால் அப்போதும் தவறலாம். தளர்ச்சியை நேரடியாக அளக்க, கிண்ணத்திலிருந்து பந்தை மெல்ல விலக்கிப் படமெடுக்கும் முறையைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கெய்ல் ஸ்மித் 1983-இல் உருவாக்கத் தொடங்கினார். அது 16 வாரக் குட்டிக்கே பொருந்தும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

வாங்குபவர் கையில் கிடைக்கும் மற்றொரு தாள் வம்சாவளிச் சான்றிதழ். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப் வழங்கும் இச்சான்றிதழை 'கே.சி.ஐ. பேப்பர்' என்றே தில்லி முதல் நாகர்கோவில் வரை வியாபாரத்தில் சொல்வார்கள். குட்டியின் தாய் யார், தந்தை யார், முன்னோர் எவர் என்பது அதில் தெரியும். பதிவின் நோக்கமும் அதுவே. அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் 'பேப்பர் உண்டு' என்று ஒரு குட்டிக்குப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கப்படும்போது, மூட்டுக்கும் அது உத்தரவாதம் என்று வாங்குபவர் நம்பிக்கொள்கிறார். தாத்தாவின் பெயர் தெரிவதால் தாத்தாவின் இடுப்பு தெரிந்துவிடாது. கண்காட்சியில் பட்டம் வென்ற ஆண் நாய் என்றால் இன்னும் ஆபத்து. வியாபாரத்தில் 'ஸ்டட்' எனப்படும் அந்த ஒரே நாயிடம் ஊர் ஊராகப் பெண் நாய்களைக் கொண்டுவந்து இணை சேர்க்கிறார்கள். அதன் மூட்டுகளில் குறை இருந்தால் சில ஆண்டுகளில் அது பல நூறு வீடுகளுக்குப் பரவிவிடும். தோற்றத்துக்காக நாய்களைத் தேர்ந்தெடுப்பது அவற்றின் உடலை எவ்வாறு சிதைத்தது என்பதை பி.பி.சி. தொலைக்காட்சி 2008-இல் ஒளிபரப்பிய ஆவணப்படம் பிரிட்டனையே உலுக்கியது. பேட்ரிக் பேட்சன் தலைமையில் ஒரு விசாரணை அமைக்கப்பட்டு 2010-இல் அறிக்கையும் வந்தது. நம் நாட்டில் அப்படி ஒரு கேள்வி இன்னும் எழவில்லை.

வெளிநாட்டிலிருந்து நல்ல ரத்தத்தைக் கொண்டுவருவதும் எளிதாக இருந்ததில்லை. வணிக நோக்கில் இனப்பெருக்கம் செய்ய நாய்களை இறக்குமதி செய்வதற்குத் தடை விதித்து 2016 ஏப்ரலில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் அறிவிக்கை வெளியிட்டது. அது வழக்குகளுக்கும் உள்ளானது. குளிர்நாட்டு நாய்கள் இங்கு வந்து வெயிலில் வாடுவதைத் தடுக்கும் நோக்கம் நியாயமானதே. ஆயினும் அது ஒரு கேள்வியை விட்டுவைத்தது: ஏற்கெனவே உள்நாட்டில் இருக்கும் லாப்ரடார்களும் ஷெப்பர்டுகளும் தமக்குள்ளேயே பெருகும்போது, அவற்றில் எவை நல்ல மூட்டுடையவை என்று யார் கண்டறிவது?

அரசே பெரிய பண்ணையாளர்

இதற்கு விடை தனியார் வியாபாரிகளிடம் தேடப்பட வேண்டியதில்லை. நாட்டில் மிகப்பெரிய, ஒழுங்கான நாய்ப் பண்ணைகளை நடத்துவது அரசுதான். மீரட்டில் ராணுவத்தின் கால்நடைப் பிரிவு மையம், குவாலியர் அருகே டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேசிய நாய்ப் பயிற்சி மையம், பெங்களூரு அருகே தரளுவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பள்ளி ஆகியவை சிறந்தவை என்று பெயர் பெற்றவை. அங்கே ஒவ்வொரு நாய்க்கும் எண் உண்டு, உணவுக்கு அளவு உண்டு, பிறப்பு முதல் ஓய்வு வரை மருத்துவக் குறிப்பு உண்டு. ஸ்வீடன் ராணுவப் பண்ணையிடமும், 'சீயிங் ஐ' நிறுவனத்திடமும் இருந்த அத்தனை வசதியும் இங்கு உண்டு. தனியார் வளர்ப்பில் ஒருபோதும் கிட்டாத ஒரு நன்மையும் சேர்ந்திருக்கிறது: குட்டிகள் அனைத்தும் கண்பார்வையிலேயே இருப்பதால், எது நொண்டியது என்பதை மறைக்க யாருக்கும் காரணம் இல்லை.

படைகளுக்கு இது வெறும் விஞ்ஞான ஆர்வமாக இருக்க முடியாது. வெடிகுண்டு மோப்பத்துக்கு மாதக்கணக்கில் பயிற்சி பெற்ற நாய், மூன்று வயதில் வண்டியிலிருந்து குதிக்க முடியாமல் போனால் பயிற்சிச் செலவு வீண். அதனோடு பழகிய வீரரும் மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாயின் கதி இன்னும் கொடியது. பணிக்குத் தகுதியிழந்த நாய்களைக் கருணைக்கொலை செய்யும் வழக்கம் ராணுவத்தில் இருந்தது 2015-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்து கண்டனத்துக்குள்ளானது. பின்னர் கொள்கை மாறியது. ஓய்வுபெறும் நாய்கள் இப்போது பராமரிக்கப்படுகின்றன, தத்தும் கொடுக்கப்படுகின்றன. அவற்றின் முதுமை வலியோடு கழிகிறதா, வலியின்றிக் கழிகிறதா என்பது பிறப்பதற்கு முன்னரே பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது.

படைகளின் பண்ணைகள் தத்தம் எக்ஸ்ரே முடிவுகளை ஒரே அளவுகோலில், ஒரே பதிவேட்டில் சேர்த்தால் அது நாட்டுக்கே அடித்தளமாகும். பாதுகாப்பு ரகசியம் இதில் எதுவும் இல்லை. நாயின் பணியிடத்தை நீக்கிவிட்டு மூட்டின் தரத்தை மட்டும் வெளியிடலாம். கணக்கிடும் அறிவு நம்மிடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பசுக்களுக்கும் எருமைகளுக்கும் இதே வேலையை நம் விஞ்ஞானிகள் செய்திருக்கிறார்கள். நாட்டு மாடுகளின் மரபணுக்களைப் படிக்கும் 'கௌ சிப்', எருமைகளுக்கான 'மகிஷ் சிப்' ஆகியவற்றைப் பிரதமர் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் வாஷிம் மாவட்டத்தில் அறிமுகம் செய்தார். பால் தரும் விலங்குக்குக் கிட்டும் கவனம் காவல் காக்கும் விலங்குக்குக் கிட்டாதது, பணத்தின் தர்க்கப்படி புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் முறை ஒன்றுதான், கணிதமும் ஒன்றுதான்.

நாட்டு நாய்களுக்கு வரும் சோதனை

நாட்டு நாய்களை வளர்த்தால் இந்தச் சிக்கலே இல்லையே என்று ஒரு வாதம் இப்போது வலுத்திருக்கிறது. அதில் பாதி உண்மை. ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும் கொண்ட, கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்களுக்கு உலகெங்கும் இந்நோய் அரிது. கிரேஹவுண்டுகளில் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். சிப்பிப்பாறையும் முதோலும் அந்த உடல்வாகு கொண்டவை. ஓடி வேட்டையாட முடியாத நாயை எந்த விவசாயியும் வைத்துக்கொள்ளவில்லை. மூட்டு எக்ஸ்ரே எடுக்காமலே மூட்டுக்காகத் தேர்வு நடந்துவிட்டது.

ஹரியாணாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றையும் 2020-இல் தனித்த இனங்களாகப் பதிவு செய்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்குமாறு கேட்டுக்கொண்டார். படைகள் முதோல், ராம்பூர் நாய்களுக்குப் பயிற்சி அளிக்கின்றன. மகிழ்ச்சிக்குரியது. ஆனால் தேவை திடீரெனப் பெருகும்போது, ஒரு சில அழகான ஆண் நாய்களிடமிருந்து ஆயிரக்கணக்கான குட்டிகளை உண்டாக்கும் அதே வழி நாட்டு இனங்களிலும் திறந்துகொள்கிறது. வேட்டை போய் வரவேற்பறை வந்தவுடன், ஓட்டத்துக்கான தேர்வும் போய்விடுகிறது. தோற்றத்துக்காகத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ராஜபாளையமே சான்று. அப்பழுக்கற்ற வெள்ளை நிறமே அழகு என்று தலைமுறைகளாக விரும்பப்பட்டதால், அவ்வினத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை தொடர்ந்து காணப்படுகிறது. ஒரு குணத்தை மட்டும் விரட்டிப் பிடிப்பதும் நல்லதன்று. இடுப்புக்காக மட்டும் கடுமையாகக் கழித்துக்கட்டினால், எஞ்சும் சில நாய்களுக்குள்ளேயே உறவு நெருங்கி வேறு நோய்கள் தலைதூக்கும். நடுத்தர மூட்டுள்ள நாயை மிக நல்ல மூட்டுள்ள இணையோடு சேர்த்து, மெல்ல மெல்ல முன்னேறுவதே உலகம் கண்டறிந்த வழி.

2017 விதிகளில் செய்ய வேண்டிய திருத்தம் சிறியது. இணை சேர்க்கக் குறைந்த வயது 18 மாதம் என்று விதியே சொல்கிறது. ஐரோப்பிய அமைப்பும் பிரிட்டனும் 12 மாதம் நிரம்பிய நாயின் எக்ஸ்ரேயை ஏற்றுக்கொள்கின்றன. இடையில் ஆறு மாத அவகாசம் இருக்கிறது. அதற்குள் ஒரு முறை படமெடுத்து, படத்திலேயே மைக்ரோசிப் எண்ணைப் பதித்து, பெரிய இன நாய்களுக்கேனும் அதைப் பதிவுக்கான நிபந்தனை ஆக்கலாம். படத்தை மதிப்பிடுவது விற்பவருக்குத் தெரிந்த மருத்துவராக இல்லாமல், சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, பரேலியின் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், லூதியானா கால்நடைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் குழுவாக இருக்க வேண்டும். முடிவு நல்லதானாலும் கெட்டதானாலும் வெளியாக வேண்டும். விதிகளை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநில வாரியங்களுடையது என்பதால், ஒரு மாநிலம் நினைத்தாலும் முன்னோடியாகத் தொடங்க முடியும்.

அதுவரை குட்டி வாங்கச் செல்பவர் கேட்பதற்குச் சில கேள்விகள் உண்டு. எட்டு வாரக் குட்டியின் இடுப்பைப் பார்த்துப் பயனில்லை. தாய், தந்தை இரண்டுக்கும் ஒரு வயதுக்குப் பின்னர் எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா, அதை மதிப்பிட்டது யார், படத்தில் உள்ள எண்ணும் நாயின் மைக்ரோசிப் எண்ணும் ஒன்றுதானா என்று கேட்க வேண்டும். மரபணுச் சோதனை செய்தாயிற்று என்று விற்பவர் சொன்னால், எந்த நோய்க்கு என்று கேட்க வேண்டும். இதே தாய் முந்தைய ஈற்றில் ஈன்ற குட்டிகள் இப்போது யார் வீட்டில் இருக்கின்றன, அவை எப்படி நடக்கின்றன என்பதையும் விசாரிக்கலாம். தொலைபேசி எண் கொடுக்கத் தயங்காத விற்பனையாளர் கிடைத்தால், அங்கேயே வாங்கலாம்.